பேரளத்திலிருந்து மழையோடு வந்த ரயில்

என் உயிரான அம்மாவுக்கு,

இன்று காலை பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு ரயிலை நான்தான் ஓட்டி வந்தேன். ஐப்பசி மழை ஒரு வாரமாக விடவே இல்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

இப்படியொரு அடைமழையில்தானே என்னைப் பெற்றாய்? சாலை முழுகிவிட்டதால் அப்பா உன்னைப் பழைய மீட்டர் கேஜ் ரயிலில் ஏற்றி, காரைக்கால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். திருநள்ளாறு வருமுன்பே தண்டவாளத்தின்மேல் வெள்ளம் ஏறி, ரயில் நின்றுவிட்டது. பெட்டியில் இருந்த பெண்கள் புடவையால் மறைப்புக் கட்டினார்கள். எஞ்சினில் கரி தள்ளுகிறவர் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் பிறந்தேன். "நீ போட்ட கத்துல எஞ்சின் விசிலே தோத்துப் போச்சுடி" என்பாய்.

எனக்கு நினைவு தெரியுமுன்பே அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், "ரயிலே இல்லாத ஊருல இவ ரயில்ல பொறந்தாளாம்" என்று சிரித்தார்கள். அழுதுகொண்டு வந்த என்னை, முன்பு தண்டவாளம் கிடந்த, கருவேலம் மண்டிய மேட்டுக்கு இழுத்துப் போனாய். "இங்கதான்டி பொறந்த. போயி சொல்லு" என்றாய்.

எனக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தபோது மாமா தயங்கினார்.

"பொம்பளப் புள்ள எஞ்சின் ஓட்டுறதாவது! வேணாம் தங்கச்சி."

"பொறக்கும்போதே எஞ்சினத் தோக்கடிச்சவ அவ, அண்ணே. போவட்டும்" என்றாய்.

அதே மேட்டில் அகலப்பாதை வந்தபோது நீ இல்லை. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கக் கூடாதா அம்மா?

இன்று சுரக்குடிப் பக்கம் சாலையில் தண்ணீர். பஸ் ஓடவில்லை. பேரளத்தில் கூட்டமெல்லாம் ரயிலுக்கு வந்துவிட்டது. சிறுநீரகம் கெட்டு, டயாலிஸிஸுக்குப் போகவேண்டிய ஒருவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட முடியாத வைத்தியம். அவர் மனைவி எஞ்சின் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"வழியெல்லாம் வெள்ளமாமே, போயிருமா?"

"போயிரும்க்கா. ஏறுங்க" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, பாதை நிலவரத்தை ஸ்டேஷன் மாஸ்டரிடம் இன்னொரு முறை கேட்டுக்கொண்டேன்.

நான் பிறந்த இடத்துக்கு வந்தபோது இரண்டு பக்கமும் வயல் தெரியவில்லை, ஒரே வெள்ளம். உத்தரவுப்படி ஆள் நடக்கிற வேகத்தில் உருட்டினேன். துணை ஓட்டுநர் செல்வம் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"ஜல்லி தெரியுது மேடம். தண்ணி கீழதான் நிக்குது. போலாம்!"

நிற்கவில்லை அம்மா! அன்று உன்னை நிறுத்திய இடத்தில் இன்று நான் நிற்கவே இல்லை. தாண்டியதும் வாய்விட்டுக் கத்திவிட்டேன். செல்வமும் சேர்ந்து கத்தினான்.

காரைக்காலில் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. நாற்காலியை இறக்கியதும் அந்த அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்து, "வந்துட்டோம்ல!" என்றார். கொஞ்சம் தள்ளி, இப்போது காரைக்காலில் என்னோடு இருக்கும் அப்பா, குடையை விரிக்கவும் மறந்து நனைந்தபடி, முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஓட்டிட்டு வந்தது எம் பொண்ணுங்க!"

நீ போனதிலிருந்து அப்பா எங்கும் பயணம் போவதில்லை. இன்றுதான் கேட்டார், "நானும் ஒரு நாளைக்கு வரட்டுமாம்மா?" வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பேரளம்வரை கூட்டிப் போகிறேன். எத்தனை மழை பெய்தாலும் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்ப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் தலைச்சன் மகள்,
கலா