வண்டி யார் பெயரில்

ஷாதிபூர்,
21.11.2024, வியாழன்.

அன்புள்ள ஸ்ரீதருக்கு,

நலம் விசாரித்து எழுதுகிறேன். என் கார் யாருடையது? இந்தக் கேள்விக்கு இன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீ போனை எடுப்பதில்லை. பதிவுத் தபாலையாவது கையெழுத்துப் போட்டு வாங்குவாய் என்று நினைக்கிறேன்.

கட்சால் தீவிலிருந்து மாற்றலாகி வந்து இருபது நாளாகிறது. பள்ளியில் பிளஸ் டூ இயற்பியல் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு வலது கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. இடது கண்ணுக்குத் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா உன்னைக் கேட்கும்போதெல்லாம் மெயின்லேண்டில் கம்பி, சிமெண்ட் வாங்கப் போயிருக்கிறான், கப்பலில் இடம் கிடைக்கவில்லை என்று சொல்லி வைக்கிறேன்.

திங்கட்கிழமை போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். பாங்குக் கடன் முடிந்து இரண்டு வருடமாகியும் ஆர்.சி. என் கைக்கு வரவில்லையே, அடமானக் குறிப்பை நீக்கினார்களா என்று பார்க்கத்தான் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "மேடம், பாங்கு அடமானம் எப்பவோ போயிடுச்சு. ஆனா இந்தக் காடி உங்க பேர்ல இல்லையே" என்றாள். அவள் தப்பான எண்ணைப் போட்டுவிட்டாள் என்று நினைத்து எண்ணை மறுபடி சொன்னேன். திரையை என் பக்கம் திருப்பினாள். உரிமையாளர் இடத்தில் உன் பெயர் இருந்தது. அதன் கீழே புதிய அடமானம், ஒரு தனியார் பைனான்ஸ் கம்பெனிக்கு.

கட்சாலுக்குக் கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் நடந்தது உனக்கு நினைவிருக்கும். அடமானத்தை நீக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் பாங்குக் கடிதத்தோடு உன்னிடம் கொடுத்தேன். "இன்னும் நாலு பாரத்துல போட்டுக் குடுத்துட்டுப் போக்கா. அந்தக் கப்பல் எப்பத் திரும்பும்னு கேப்டனுக்கே தெரியாது" என்று சிரித்தாய். நானும் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தேன். தெற்குத் தீவுகளுக்குப் போகிற எல்லோரும் இப்படி யாரிடமாவது வெற்றுப் படிவங்களைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். அங்கே சிக்னல் இராது, ஓ.டி.பி. வந்தால் நீ பார்த்துக்கொள் என்று என் பழைய சிம்மையும் கொடுத்தேன். பாங்கில் கடன் வாங்கியபோது ஒவ்வொரு தாளையும் மூன்று முறை படித்தேன், மேனேஜர் எரிச்சலடைந்தார். நீ நீட்டியதில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

பைனான்ஸ் ஆட்கள் இரண்டு முறை வந்துவிட்டார்கள். நீ ஆறு மாதமாகத் தவணை கட்டவில்லையாம். நாளை மாலை வண்டியை எடுக்க வருவார்கள்.

உனக்கு என்ன நெருக்கடி என்று எனக்குத் தெரியாது. காண்ட்ராக்ட் பில் நின்றுபோயிருக்கலாம். கேட்டிருந்தால் நான் யோசித்திருப்பேன், நாலு கேள்வி கேட்டிருப்பேன். அந்தக் கேள்விகளுக்குப் பயந்துதான் கேட்காமல் விட்டாயா? கட்சாலுக்கு ஞாயிறுதோறும் நீ போன் பண்ணுவாய். லைன் கிடைத்தபோதெல்லாம், காடி நல்லா ஓடுதுக்கா என்றாய். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

நாளை காலை காவல் நிலையத்துக்குப் போகிறேன். அதை வேறு யார் வாயாலும் நீ கேட்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்: கையெழுத்து என்னுடையது இல்லை என்று சொன்னால் வண்டியை எடுப்பதை நிறுத்தி வைப்பார்கள், உன் மேல் மோசடி வழக்கு வரும். என்னுடையதுதான் என்றால் கோர்ட்டுக்குப் போய் வருடக்கணக்கில் அலைய வேண்டியதுதான். என்ன சொல்வேன் என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

எங்கே இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவிடம் ஒரு தடவை பேசு. என்னிடம் பேச வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அக்கா,
உமா மகேஸ்வரி.

22.11.2024, வெள்ளி.

உறையை ஒட்டவில்லை. அதனால் இதையும் சேர்க்கிறேன்.

காவல் நிலையத்தில் உரிமை மாற்றப் படிவத்தின் நகலை முன்னால் வைத்து, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்கள். 'மகேஸ்வரி'யின் கடைசிச் சுழிப்பு வழக்கம்போல் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஆமாம் என்றேன். அப்படியானால் கோர்ட்டுக்குப் போங்கள் என்று நகலைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மாலை நாலு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். அம்மாவின் தலையணையையும் சொட்டு மருந்தையும் வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டேன். சாட்சியாக ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். "ஜல்தி போடுங்க மேடம்" என்றான் ஒருவன். முழுவதும் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டு அம்மா வாசலுக்கு வந்து, "நம்ம காரை ஏண்டி எடுத்துட்டுப் போறாங்க?" என்றாள்.

அது ஸ்ரீதரோட காரும்மா என்றேன்.

"அவனுக்கு எப்பக் குடுத்தே?"

கட்சாலுக்குப் போறப்பவே குடுத்துட்டேன் என்றேன்.