பல் வலியோடு வந்த இயக்குநர்

என் குட்டிப் பிசாசே,

நம் இயக்குநர் இன்று எங்கள் பல் மருத்துவமனைக்கு வந்தார்! மாடிப்படி ஏற ஏறத் தன் வீட்டுக்கே திரும்பி வந்து சேருகிற மனிதனைப் படமெடுத்து, நம் இருவரையும் பைத்தியமாக்கினாரே, அவரேதான். கடைவாய்ப் பல்லில் வலி. டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனார். பக்கத்தில் நர்ஸ் நான் மட்டும். அந்த மண்டைக்குள் என்னதான் இருக்கிறதென்று எட்டிப் பார்த்தேன், பல்தான் தெரிந்தது.

விடுவேனா? "சார், கடைசியில அவன் கதவைத் திறக்கறப்ப உள்ள பொண்டாட்டி நிக்கிறாளே, அது நிஜமா, கனவா?" என்று கேட்டே விட்டேன்.

வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்ள, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார்.

"கனவுதான் சார். ஆனா என் தங்கச்சி நிஜம்னு ஒத்தக் கால்ல நிப்பா."

"யாரு ஜெயிச்சது?"

"நாங்க பேசியே ரெண்டு வருஷமாச்சு சார்."

"ஐயோ, என் படத்தாலயா?" பாவம், பதறிவிட்டார்.

"இல்ல சார், அது வீட்டு விஷயம்." அதை இங்கேயும் எழுதப் போவதில்லை.

"பதில் எனக்கே தெரியாதும்மா. ரெண்டு பேர் சண்டை போடட்டும்னுதான் அப்படி முடிச்சேன். தனியாப் பார்த்தா என் படம் பாதிதான்" என்றார்.

டாக்டர் பல்லைப் பிடுங்கும்போது நான் இளித்துக்கொண்டு நின்று திட்டு வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை அவருடைய புதுப் படம் வருகிறது. நான் சொல்வதெல்லாம் தப்பு என்று சொல்ல இங்கே ஆளில்லை. வந்துவிடு.

காத்திருக்கும்,
உன் அக்கா