கதவில்லாத கோயில்

மார்ச் 3
எங்கள் தெரு அம்மனைக் கொன்றது அவளைப் பெற்ற அப்பன். கோயில் சுவரிலேயே எழுதியிருக்கிறது, கொஞ்சம் பூச்சூட்டி. புருஷன் வீட்டில் அடி தாங்காமல் மழையில் ஓடி வந்தாள். அப்பன் தாழ்ப்பாள் போட்டான். விடிந்ததும் வாசலில் கல்லாக நின்றாள். பிராயச்சித்தமாகக் கோயிலுக்குக் கதவே வைக்கவில்லை. பாவமும் கழிந்தது, கதவுச் செலவும் மிச்சம்.

மார்ச் 5
ஆண்டு பூஜையில் அம்மனை அழைக்கும் உரிமை இந்த வருஷம் அப்பாவுக்கு. "வாசல் தொறந்திருக்கு, உள்ள வாம்மா" என்று அவர் கூப்பிட வேண்டும். அவருடைய மூத்த மகள் விளக்கோடு உள்ளே போக வேண்டும். அப்பா குளியலறையில் ஒத்திகை பார்க்கிறார். குரல் தழுதழுக்க வேண்டுமாம். சோப்பு நுரை வாய்க்குள் போனதும் நன்றாகவே தழுதழுத்தது.

மார்ச் 9
அக்கா வந்துவிட்டாள். கையில் ஒரு பை. காதோரம் வீங்கியிருக்கிறது.

அப்பா கதவைப் பாதி திறந்து பேசினார். பூஜை சமயத்தில் ஊர் வாயில் விழ வேண்டுமா என்றார். "மாப்பிள்ளைகிட்ட நான் பேசிக்கிறேன். நீ மொதல்ல கெளம்பு." அம்மா அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அழுதாள். அழுதாளே ஒழிய, கதவைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாளா? இல்ல. வயிறு எரியுது. இதுங்களுக்கு ஒரு சாமி, ஒரு பூஜை — த்தூ.

நான் வேலை பார்ப்பது, எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றும் கடை. மேலே ஓர் அறை காலி. முதலாளி ஒரு கேள்வி கேட்காமல் சாவியைக் கொடுத்தார்; அக்காவோடு நானும் அங்கே வந்துவிட்டேன். கோயில் பக்கமே போகாத மனுஷன்.

மார்ச் 10
துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். குளியலறைக்குள்ளிருந்து, "உள்ள வாம்மா."

மார்ச் 14
அக்கா கம்பி சுற்றப் பழகிவிட்டாள். கைப்பிடி மிஷினை மேலேயே வைத்துக்கொண்டாள். "இது ஒண்ணுதாண்டா, நான் சுத்துற பக்கம் சுத்துது."

மிக்ஸி ரிப்பேருக்கு வந்த பக்கத்து வீட்டு அத்தை, நெற்றி நிறையக் குங்குமத்தோடு புத்திமதி சொன்னாள்: அம்மனே பொறுத்துப் போனவளாம்.

"பொறுத்தவ ஏன் அத்தை ஓடி வந்தா?" என்றாள் அக்கா.

அத்தை மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 18
மூத்த மகள் வராவிட்டால் உரிமை இரும்புக் கடைக்காரருக்குப் போய்விடுமாம். கோயில் கமிட்டி சொல்லிவிட்டது. இப்போதுதான் அப்பாவுக்கு மகள் ஞாபகம் வரும்.

மார்ச் 20
வந்தது. இன்று பூஜை. காலையில் பட்டு வேட்டியோடு கடை மாடிப்படி ஏறினார். பின்னால் கமிட்டித் தலைவர், மாலையோடு. நான் படிக்கடியில் நின்று பார்த்தேன். அக்கா உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள்.

விளக்கை மட்டும் எடுத்தால் போதும் என்றார் அப்பா. பூஜை முடிந்ததும் மாப்பிள்ளை வந்து கூட்டிப் போவார் என்றார், அதையும் ஒரு நல்ல சேதி மாதிரி.

உள்ளே கைப்பிடி சுற்றும் சத்தம் நிற்கவில்லை.

ஒத்திகை வீண் போகவில்லை. குரல் நிஜமாகவே தழுதழுத்தது.

"நேரமாகுது. கதவத் தொறம்மா."