கிள்ளானில் நான் செய்யாத ஜெபம்

அக்கா,

இன்று காலை ஆராதனையில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் முழங்காலில் நீலகிரித் தைலம் தேய்த்திருந்தார். எல்லோரும் ஜெபத்துக்கு முழங்காலிட்டபோது அந்த வாசனை மேலே எழும்பியது. போதகர் என்ன ஜெபித்தார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் உங்கள் வீட்டு முன்னறையில் இருந்தேன். நீங்கள் புடவையைச் சற்றே தூக்கி, முழங்காலைத் தேய்த்துவிட்டு, "சரி, ஆரம்பிப்போமா தங்கச்சி?" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். உங்கள் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், எஞ்சின் டிரைவர். என் வீட்டுக்காரர் சரக்கு ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. உங்கள் சாலமோனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பாவின் எஞ்சினிலேயே கரி அள்ளிப் போடும் வேலை. ஒரு நாள் வண்டி புறப்படும் நேரத்துக்கு அவன் வந்து சேரவில்லை. பிந்தி ஓடி வந்தவனை, பயணிகளும் கூலிகளும் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணன் பிளாட்பாரத்தில் வைத்துக் கன்னத்தில் அறைந்தார். பையன் எஞ்சினில் ஏறவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. அவன் துறைமுகத்தில் கப்பல் ஏறியதைப் பார்த்ததாக இரண்டு வாரம் கழித்து யாரோ வந்து சொன்னார்கள். அத்தோடு சரி.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நீங்கள் என் வாசலில் வந்து நின்றீர்கள். "எனக்குத் தனியா வாய் வரமாட்டேங்குது. நீ கூட வந்து உக்காரு" என்றீர்கள். அப்படித்தான் ஆரம்பித்தது. மூன்று வருடம், ஒரு புதன்கூடத் தவறவில்லை. ஜெபம் நீளமாக இருக்காது. "ஆண்டவரே, அவன் எங்க இருந்தாலும் அவன் கால இந்தப் பக்கம் திருப்பும்" என்பீர்கள். நான் ஆமென் சொல்வேன். அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் வாசற்கதவை மட்டும் அகலத் திறந்து வைத்திருப்பீர்கள். வெயிலடித்தாலும், எதிரே இருந்த செங்கல் சூளையிலிருந்து புகை உள்ளே வந்தாலும் சாத்தவிடமாட்டீர்கள். "சாத்தியிருந்தா தட்டுறதுக்கு யோசிப்பான். அவன் சுபாவம் எனக்குத் தெரியும்."

பிறகு என் வீட்டுக்காரருக்குக் கிள்ளானுக்கு மாற்றல் வந்தது. ஸ்டேஷனில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புதன் மூணு மணி. நான் இங்க, நீ அங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல" என்றீர்கள். நான் வெறுமனே தலையாட்டவில்லை. வாய்விட்டே சொன்னேன்: "கட்டாயம் அக்கா."

ஒரு பெரிய துக்கம் வந்து அதனால் நிறுத்திவிட்டேன் என்று எழுத முடிந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு புதன் மூன்று மணிக்குச் சீனத் துணிக்காரன் மூட்டையை அவிழ்த்து வைத்தான். பிள்ளைகளுக்குப் பாவாடைத் துணி பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். இன்னொரு புதன், சாமான் வாங்கப் பாசாருக்குப் போய் வந்த அலுப்பில் கண்ணசந்தேன். பிறகு வியாழக்கிழமைதான் ஞாபகம் வரும். சங்கடமாக இருக்கும். கொஞ்ச நாளில் அந்தச் சங்கடமும் வருவதில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு உங்களைப் பார்க்க வந்தபோது அடுப்படியில் வைத்துக் கேட்டீர்கள். "விடாம பண்றியா?"

"பண்றேன்க்கா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு முறுக்கைத் திருப்பிப் போட்டீர்கள். அவ்வளவு எளிதாக என்னை நம்பினீர்கள். அடுத்த வருடமும் அதே கேள்வி, அதே பதில். ஒரு பொய்யைப் பழகிவிட்டால் அதைச் சொல்ல நாக்குக்கூடத் தடுமாறுவதில்லை.

ஒரு தடவை நான் பெரிய புத்திசாலி மாதிரி பேசியதும் ஞாபகம் இருக்கிறது. "அக்கா, இத்தனை வருஷமாச்சு. ஆண்டவர் பதில் சொல்லிட்டார்னு வச்சுக்கங்களேன். மனசத் தேத்திக்கங்க" என்றேன். நீங்கள் கோபப்படவில்லை.

"கேட்டா கெடச்சிடும்னு நான் கேக்கல தங்கச்சி. கேக்குறத நிறுத்துனா, எனக்கு அவன் செத்துட்டான்னு அர்த்தம். நீ சொல்லு, நான் எப்படி நிறுத்துறது?"

அன்றைக்காவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொல்லி, நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் வந்தேன். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. அண்ணனை வெளியே அனுப்பிவிட்டு என்னைக் கிட்டே வரச் சொன்னீர்கள்.

"ஒனக்கு ஒண்ணு சொல்லணும். சில புதன்கிழம எனக்கு வெறுத்துப் போயிடும். எதுக்கு இதெல்லாம்னு படுத்துக் கெடப்பேன். மணி மூணு அடிக்கும். கிள்ளான்ல அவ முழங்கால் போட்டிருப்பா, பெத்தவ நான் படுத்துக் கெடக்குறதான்னு எந்திரிச்சிடுவேன். நீ இருந்ததாலதான் நான் விடல."

நான் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உங்களைப் பிரியப்போகிற வருத்தம் என்று நினைத்து என் தலையைத் தடவிக்கொடுத்தீர்கள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். இப்போது சொன்னால் அக்கா மனம் உடைந்துவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நிஜத்தில், உங்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குப் பயம். அன்றிலிருந்து பதினோராம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

சாலமோன் வந்தது அதற்கு ஏழு மாதம் கழித்து. சனிக்கிழமை, நல்ல மழை. என் கிள்ளான் வீட்டு வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முப்பது வயது ஆள் ஒருவன் நின்றான். உங்கள் நெற்றி, உங்கள் புருவம். "சித்தி, என்னத் தெரியுதா?" என்றான்.

கப்பலில் சில வருடம், ரங்கூனில் சில வருடம் என்று சுற்றியிருக்கிறான். கடைசி இரண்டு வருடமாகப் பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். ரயிலில் வேலை செய்யும் பழைய சிநேகிதன் ஒருவனைக் கிள்ளானில் பார்த்தபோதுதான் உங்கள் செய்தி தெரிந்திருக்கிறது. கல்லறைக்குப் போய்விட்டு, அப்பாவைப் பார்த்துவிட்டு, என்னிடம் வந்திருந்தான்.

"ரெண்டு வருஷமா இவ்வளவு கிட்ட இருந்துக்கிட்டு ஏம்பா வரல?" என்றேன்.

"எந்த மொகத்த வச்சுக்கிட்டு வர்றது சித்தி? மொதல்ல உங்ககிட்ட வந்து, அம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்கலாம்னு நெனச்சேன். ரப்பர் ஏத்திக்கிட்டு இந்த வழியாத்தான் போவேன். ஒரு நாள் சித்தப்பா இந்த வீட்டுக்குள்ள போறதப் பாத்துத்தான் நீங்க இங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சுச்சு. ரெண்டு தடவ வாசல்ல லோரிய நிறுத்தினேன்."

"எப்போ?"

"மத்தியான நேரம். கதவு சாத்தியிருந்துச்சு. தட்ட மனசு வரல. போயிட்டேன்."

என்ன கிழமை என்று நான் கேட்கவில்லை, அக்கா. இன்றுவரை கேட்கவில்லை. எனக்குத் தைரியம் கிடையாது.

"நீங்களும் அம்மாவும் எனக்காக விடாம ஜெபம் பண்ணீங்கன்னு அப்பா சொன்னாரு" என்று அவன் நன்றி சொல்ல ஆரம்பித்தான். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. உங்களிடம் சொல்லாததையெல்லாம் அவனிடம் சொன்னேன். துணிக்காரன், தூக்கம், கிறிஸ்துமஸ் பொய், உங்கள் கடைசி வார்த்தை, எல்லாம். அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். மழை விட்டது.

"நான் பதினோரு வருஷம் ஒரு கடுதாசி போடல சித்தி. உங்கள நான் என்னத்தச் சொல்றது? அம்மாகிட்ட நீங்க சொல்லியிருந்தா அழுதிருப்பாங்க. அப்பறம் வா உக்காருன்னு பாயப் போட்டிருப்பாங்க."

அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிக்க வேண்டியவர் நீங்கள். நான் ஜெபித்திருந்தால் அவன் முன்னாலேயே வந்திருப்பானா என்று போதகரிடம் கேட்டேன். கடவுள் அப்படி அளந்து பார்க்கிறவர் அல்ல அம்மா என்றார். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் பிள்ளை நின்ற வாசல் என் வாசல். கதவுக்குப் பின்னால் தூங்கியவள் நான்.

அண்ணனுக்கு வேலை ஓய்வாகிவிட்டது. இப்போது செந்தூலில் ஒரு சின்ன வாடகை வீடு. மாதத்தில் ஒரு ஞாயிறு சாலமோன் வருகிறான். இருவரும் ஒன்றாக ஆலயத்துக்குப் போகிறார்கள். ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம். "சாப்பிட்டியா" என்பார் அண்ணன். "சாப்பிட்டேன்" என்பான் இவன். பிளாட்பாரத்தில் விழுந்த அந்த அறையைப் பற்றி இருவரும் இன்னும் வாய் திறக்கவில்லை. அண்ணனுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. அவருக்கு நாள் அதிகம் இருக்காது என்று தோன்றுகிறது.

புதன்கிழமை மூன்று மணிக்கு அவர்கள் இருவருக்காகவும் முழங்காலிடுகிறேன். நாலு வருடம் ஆகிறது. சில நாள் எனக்கும் வெறுத்துப் போகிறது. அந்தப் பக்கம் யாரோ முழங்காலிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து எழுந்திருக்க எனக்கு ஆள் இல்லை. நீங்கள் அப்படி முழங்காலிட்டிருந்த காலத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். இருந்தும் எழுந்திருக்கிறேன். போன ஞாயிறும் செந்தூல் ஆலயத்துக்குப் போய் அந்தப் பெஞ்சைப் பார்த்தேன். நடுவில் இருந்த இடம் குறையவில்லை.

நீங்கள் இருந்தால் கேட்பீர்கள், விடாமல் பண்ணுகிறாயா என்று.

பண்ணுகிறேன், அக்கா.