முதலாம் நம்பரைப் பற்றி

ஜமுனாமரத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள செவ்வந்திக்கு,

அம்மாவும் நானும் நலம். மழை விடவில்லை, பஸ் பாதி மலையோடு திரும்பிவிடுகிறது. போனில் பேசினால் நீ ஜெயித்துவிடுவாய் என்பதால் மெயிலில் எழுதுகிறேன்.

நீ வேலைக்குப் போயிருக்கும் அமெரிக்காவில் ஆஸ்பத்திரி உனக்குக் கொடுத்த அறிக்கையைப் படித்தேன். ஆய்வகத்தில் உருவாக்கிய நம் கருக்கள் ஐந்தையும் மரபணு பார்த்து வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். ஐந்துமே ஆரோக்கியம் என்று டாக்டரே எழுதிவிட்டார். மீதியெல்லாம் உயரம், கண், கணக்கு, தலைமுடி. முதலாம் நம்பர் நல்ல உயரம் வளருமாம், கண்ணாடி போடாதாம், கணக்கில் புலியாம், முடி கொட்டாதாம். இந்த நான்கும் எனக்கு இல்லை.

முதலாம் நம்பரைப் பற்றி நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். கல்யாணம் நிச்சயமான பிறகு எனக்கு நீ எழுதியவற்றை எடுத்துப் பார்த்தேன். எதுவும் அரைப் பக்கத்தைத் தாண்டவில்லை. இன்னும் பிறக்காத ஒருவரைப் பார்த்துக் கணவன் பொறாமைப்படக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆகவே படுகிறேன்.

அலுவலகத்தில் சிங்காரத்திடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "இன்னா சார், உங்களுக்கே போட்டியா ஆள் எடுக்கறாங்களா? இன்டர்வியூ எப்போ?" என்கிறான். அம்மாவுக்கு வேறு கவலை. குழந்தை யார் ஜாடை என்று உன் வீட்டாரோடு சண்டை போடக் காத்திருந்தவள். "எல்லாத்தையும் முன்னாடியே எழுதிட்டா நாங்க இன்னாத்துக்குடா வந்து பாக்கறது? நம்ம வூட்டு மூக்கு எந்த நம்பர்ல கீதுன்னு கேளு" என்கிறாள். மூக்கைப் பற்றி அறிக்கையில் எதுவும் இல்லை.

விவசாயிகளுக்குச் சாமை விதை தேர்ந்தெடுத்துக் கொடுத்துச் சம்பளம் வாங்குபவன் நான். தேர்வை எதிர்த்துப் பேச எனக்கு யோக்கியதை குறைவு. ஆனால் சாமை வளர்ந்து வந்து, "எனக்குக் கணக்கு வாணாம், ஆலங்காயம் பஸ் ஓட்டப் போறேன்" என்று சொல்வதில்லை. முதலாம் நம்பர் சொன்னால்? சாதாரணப் பிள்ளை என்றால் நாலு நாள் திட்டிவிட்டு விட்டுவிடுவோம். இதனிடம் அறிக்கையை எடுத்துக் காட்டுவோம். நான் கணக்கில் தோற்றபோது அப்பா என்னைத் திட்டினார், வாத்தியாரைத் திட்டினார். எதைக் கேட்டோம், எது வந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் காகிதம் இல்லை. அந்தச் சலுகையில்தான் என் இஷ்டத்துக்கு வளர்ந்தேன்.

ஐந்தாம் நம்பரைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. நான் படித்தேன். குள்ளம். கண்ணாடி போடும். கணக்கு சுமார். முடி நிற்காது. ஆளை எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை கருவை வைக்கிறார்களே, அதற்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். எந்த நம்பர் என்ற இடம் காலி. சுமக்கப்போகிறவள் நீ, நீயே நிரப்பு. உன் அப்பா கையில் என்னைவிட உயரமான வரன்கள் இருந்தும், "இவரே போதும்" என்றாயாம். ஏன் என்று இன்றுவரை சொன்னதில்லை, நானும் பயந்துகொண்டு கேட்டதில்லை. நிரப்புவதற்கு முன் அந்தக் காரணத்தை ஒருமுறை நினைத்துப் பார்.

வேளைக்குச் சாப்பிடு. நீயும், வருகிற பிள்ளையும், எந்த நம்பரானாலும், நன்றாக இருக்க வேண்டும்.

உன்,
இளவரசன்