மேடையில் சொல்லாத பெயர்

ரஜப் 9, வியாழன்

கொப்பரையில் சோப்பு பாதி வெந்தபடியே இறுகிக் கிடக்கிறது. அதைக் கிண்டிக்கொண்டிருந்த மனுஷன் கோட்டைச் சிறையில்.

அமீர் தோகானின் படை வந்தபோது, நகரக் கதவை அடைத்துவிடுங்கள் என்று பள்ளிவாசல் மேடையில் முழங்கியவர் வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் செய்யும் கத்தீப் சுஹைர், என் அண்ணன். அதைக் கேட்டு ஓடிப்போய்த் தோள் கொடுத்து அடைத்தவர் முன்திர், என் புருஷன். ஊரைப் பிடித்ததும் தோகான் யாரைத் தூக்கினான்? கத்தீபைத் தொட்டால் ஊர் கொதிக்கும். சோப்புக்காரனைத் தொட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

இன்று அமீரின் ஆள் அண்ணன் வீட்டுக்கு வந்து போனான். நாளை ஜும்ஆ தொழுகைப் பிரசங்கத்தில் அமீர் பெயரைச் சொல்லி, அவன் நன்மைக்கு இறைவனிடம் துஆ கேட்கவேண்டுமாம். கேட்டால் மாலையே முன்திர் வீட்டில் இருப்பாராம். மேடையில் பெயர் ஏறாதவரை தோகான் வெறும் கொள்ளைக்காரன், ஏறிவிட்டால் ஆட்சியாளன். இத்தனை வாள் வைத்திருப்பவனுக்கு என் அண்ணன் வாய் தேவைப்படுகிறது. என்ன கூத்து இது!

ரஜப் 10, வெள்ளி

சொல்லவில்லை.

பெண்கள் பக்கத் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கலீஃபாவுக்கு துஆ கேட்டார். அடுத்து அந்தப் பெயர் வரவேண்டும். நிறுத்தினார், இருமினார், இறங்கிவிட்டார். வெளியே அவர் கையை முத்தமிட ஜனம் முட்டிமோதியது.

பக்கத்து வீட்டு ஜுமானா என்னைக் கட்டிக்கொண்டாள். "ஒங்கண்ணன் மனுஷனே இல்ல அர்வா, மகான்!"

"மகானுக்குத் தங்கச்சியே கெடையாதோ?" என்றேன்.

ரஜப் 12, ஞாயிறு

அண்ணன் காலில் விழாத குறை.

"அண்ணே, ஒரு பேருதானே. சொல்லிட்டு வீட்டுக்கு வந்து அல்லா கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கயேன்."

"அது வெறும் பேரில்லம்மா. ரத்தக்கறை படிஞ்ச கைய மேடையில தூக்கிப்பிடிக்கச் சொல்றியா?"

"ஒன் பேச்சக் கேட்டுத்தானே அவரு இப்பக் குளிர்ல கெடக்காரு?"

"முன்திர் பொறுமைசாலி. அவருக்குச் சொர்க்கத்துல எடமிருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொர்க்கத்தில் இடம் ஒதுக்க இவர் யார்? அண்ணி வைத்த அத்திப்பழத்தைத் தொடாமல் எழுந்துவிட்டேன்.

ஆனாலும், அவர் சொன்னதில் தப்பு எங்கே? வழியெல்லாம் தேடினேன், கிடைக்கவில்லை.

ரஜப் 17, வெள்ளி

இன்றும் இல்லை. கூட்டம் தெருவரைக்கும்.

ரஜப் 21, செவ்வாய்

முன்திரைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். காய்ச்சலில் போய்விட்டாராம். காய்ச்சல் விலாவை உடைக்குமா? ஐயோ, குளிப்பாட்டும்போது அவர் கொப்பரையில் காய்ச்சிய சோப்பையே தேய்த்தார்கள்.

கடைசித் தொழுகையை அண்ணன்தான் தொழவைத்தார். குரல் உடைந்து அழுதார். பொய்யழுகை இல்லை.

ஷஃபான் 12, செவ்வாய்

ஊருக்கு நீதி சொல்லிவந்த பழைய காஜியை அமீர் நீக்கிவிட்டானாம். புதுக் காஜி என் அண்ணன்!

நான் நம்பவில்லை. சாயங்காலம் அவரே வந்தார், அமீர் அனுப்பிய கறுப்பு அங்கியில்.

"ஊருக்கு ஒரு நேர்மையான காஜி வேணும்லம்மா. நான் மறுத்தா எவனாவது அயோக்கியன் வந்து ஒக்காருவான்."

"வெள்ளிக்கெழம பேரு?"

தரையைப் பார்த்தார்.

"அந்த ரத்தக்கறை?"

"நெலம மாறுதுல்ல அர்வா. ஊர் நன்மைக்காக…"

"ஒரு மாசம் முன்னாடி மாறியிருக்கக் கூடாதா, அண்ணே?"

வாசல் சேறு படாமல் அங்கியைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு போனார். பாவி. என் கூடப்பிறந்த பாவி.

ஷஃபான் 14, வியாழன்

நாளைக்குப் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். இல்லை, போவேன். வாயை இறுக மூடிக்கொண்டு நடுவில் உட்காருவேன். ஊரே ஆமீன் சொல்லட்டும். அந்தப் பெயருக்கு என் வாயிலிருந்து ஆமீன் வராது. முன்திர் மேல் சத்தியம். அவருக்காக என்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான்.

ஷஃபான் 15, வெள்ளி

சொன்னார். இருமவில்லை, தடுமாறவில்லை. "நீதியின் தூண் அமீர் தோகானுக்கு நீண்ட ஆயுளைக் கொடு, இறைவா" என்றார்.

அதே குரல். அப்பா இதே மேடையில் நின்று துஆ கேட்ட அதே இழுப்பு, கடைசியில் அதே இறக்கம். அந்த இறக்கத்தில் ஆமீன் சொல்ல அம்மா மடியிலேயே பழகியவள் நான்.

சொல்லிவிட்டேன். சத்தமாகவே. ஜுமானா திரும்பி என்னைப் பார்த்தாள்.