மிஷேல் கொடுத்த பாட்டில்

பென்னலூர்
3.3.2025

அன்புள்ள தாவீது,

நானும் சசிரேகாவும் நலம். தங்கச்சி எழிலரசியும் பிள்ளைகளும் சௌக்கியமா? நீ போனை எடுப்பதில்லை, அதனால் தபால். சூப்பர்வைசர் ஆனவருக்குத் தபால்காரர் கையால் வந்தால்தான் மரியாதை போலிருக்கிறது.

பதினெட்டாம் தேதி லேபர் கோர்ட்டில் என் டிஸ்மிஸ் வழக்கில் சாட்சி விசாரணை. ஷிப்ட் மேனேஜரை நான் தள்ளவில்லை, தரையில் கொட்டிய எண்ணெயில் அவரே வழுக்கி விழுந்தார். பக்கத்தில் நின்று பார்த்தவன் நீ ஒருவன்தான். கம்பெனி விசாரணையில் ‘நான் அங்கே இல்லை’ என்று கையெழுத்துப் போட்டாய். பயம், புரிகிறது. கோர்ட்டிலாவது வந்து உள்ளதைச் சொல். திரும்ப வேலை கிடைக்கும் என்றுதான் இரண்டு வருஷமாக குடோன் வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்திருக்கிறேன்.

மிஷேல் கொடுத்த பாட்டில் பத்திரமா? ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் பிரெஞ்சு இஞ்சினியர், இரண்டு பேரும் சேர்ந்துதான் திறக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாரே. பீப்பாயிலேயே ஐம்பது வருஷம் கிடந்த திராட்சை பிராந்தி. ஜெயித்த அன்றைக்குத் திறப்போம்.

உன்
புருஷோத்தமன்

ஒரகடம்
8.3.2025

அன்பு நண்பா,

கடிதம் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. பதினெட்டாம் தேதி இங்கே ஆடிட், லீவு கிடைப்பது கஷ்டம். வழக்கு வழக்கு என்று அலைவதைவிட வேறு கம்பெனி பாரேன். கோபித்துக்கொள்ளாதே.

பாட்டில் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வா, மனம் விட்டுப் பேசலாம். ஆனால் அது சோடா ஊற்றி மடமடவென்று குடிக்கிற சரக்கு இல்லை. கொஞ்சமாக ஊற்றி, கிளாசை உள்ளங்கையில் ஏந்திக் கால் மணி காத்திருக்க வேண்டும். முதலில் காய்ந்த திராட்சை மணக்கும். பிறகு பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசம். நாக்கில் எரியாது. விழுங்கியபின் கருகிய வெல்லத்தின் கசப்பு தொண்டையில் நெடுநேரம் நிற்கும். காலி கிளாஸ் மறுநாள் காலையிலும் மணக்கும்.

அன்புடன்
தாவீது

பென்னலூர்
12.3.2025

தாவீது,

பாட்டிலைக் கொடுத்தபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். ஐஸ் போடாதீர்கள் என்றார் மிஷேல், அவ்வளவுதான். தொண்டையில் நிற்கும் கசப்பும் மறுநாள் காலைக் கிளாசும் உனக்கு எப்படித் தெரியும்?

எப்போது திறந்தாய்? யாரோடு? இதற்கு மட்டும் பதில் எழுது.

புருஷோத்தமன்

ஒரகடம்
15.3.2025

புருஷோத்து,

மறைத்துப் பயனில்லை. விசாரணையில் கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலம் எச்.ஆர். வனமாமலை சார் வீட்டுக்கு வந்தார். சூப்பர்வைசர் ஆர்டரைக் கையில் கொடுத்தார். வந்தவருக்குக் கொடுக்க வீட்டில் வேறொன்றும் இல்லை. எப்படிக் குடிப்பது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பாதிக்கு மேல் மீதி இருக்கிறது, எழிலரசியிடம் கொடுத்தனுப்புகிறேன். மன்னித்துவிடு. பதினெட்டாம் தேதி கட்டாயம் வருகிறேன்.

தாவீது

பென்னலூர்
19.3.2025

தாவீது,

நேற்று சாயங்காலம் வரை கோர்ட் வராண்டாவில் நின்றேன். உன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள்.

உன்னைத் திட்டியவர்களிடமெல்லாம், “அவன் இன்னா பண்ணுவான், புள்ளகுட்டிக்காரன், பயந்துக்கினான்” என்று இரண்டு வருஷமாகப் பரிந்து பேசினேன். இப்போது என் மேலேயே எரிச்சலாக வருகிறது. பயந்தவன் அன்று சாயங்காலமே விருந்து வைப்பானா?

வீட்டுக்கு வந்ததும், எழிலரசி கொடுத்துவிட்டுப் போன பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றிக் கால் மணி காத்திருந்து குடித்தேன். திராட்சை, மரப்பெட்டி, வெல்லக் கசப்பு, எல்லாம் இருந்தது. இன்று காலையில் கிளாசை முகர்ந்தேன், மணந்தது. மீதியைச் சசிரேகா சிங்க்கில் கொட்டினாள், நான் தடுக்கவில்லை.

இனி எழுதாதே. பிராந்திக்கு நீ சொன்ன சாட்சியில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்த ஒரு தடவைதான் நீ உள்ளதைச் சொன்னாய்.

புருஷோத்தமன்